காலையில் ஓன் ஆக மறுக்கும் டெஸ்க்டொப்: போர்ட் (மதர்போர்ட்) போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, விண்ணப்பப் படிவம், பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பது என்று வேலை. கடையில் இரண்டு டெஸ்க்டொப் இருந்தாலும் டைப்பிங் முழுக்க ஒன்றில்தான். கரைச்சல் கொடுப்பதும் அதுதான்.

மாரி மழை தொடங்கியதிலிருந்து காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், முன் விளக்கு எரியும், இரண்டு மூன்று செக்கனில் நின்றுவிடும். பிறகு தானாகவே சுற்றும், திரும்பவும் நிற்கும். மொனிட்டரில் "நோ சிக்னல்" மட்டும்தான். முதலில் சில தடவை அழுத்தினால் வந்துவிடும். இப்போது வெயில் ஏறிப் பத்து, பதினொரு மணியானால்தான் வருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் கடை பூட்டும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. இன்னொன்று, கணினியின் நேரமும் அடிக்கடி பின்தங்கிப் போகிறது.

எச்61 போர்ட், மூன்றாம் தலைமுறை ஐ3 (3220), 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 450 வொட் என்று எழுதிய பவர் சப்ளை, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை.

ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல் "போர்ட் போய்விட்டது, இந்தப் பழைய போர்ட் இனிக் கிடைக்காது, புது மெஷின் எடுங்கள்" என்றார்கள். தவணைப் பரீட்சை நெருங்குகிறது. புதிது வாங்கும் நிலையில் நான் இல்லை. உண்மையில் போர்ட்தானா?

செங்கலடி மாணவன்

அக்கா, விண்டோஸ் கெட்டிருக்கும். ஃபோர்மட் பண்ணிப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். என் நண்பன் ஒருவனுக்கும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது, அப்படித்தான் சரி செய்தோம்.

சாய்ந்தமருது பட்டறை

தம்பி, உங்கள் நண்பனுடையது லோகோ வந்தபிறகு ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். இது அதுவல்ல. தங்கச்சியின் மெஷினில் திரையே வரவில்லை. போர்டில் உள்ள பயோஸ் என்ற தொடக்க நிரல் முதலில் எழும்பி, ராமைச் சோதித்து, திரைக்குப் படம் அனுப்பி, அதன் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸைத் தேடும். அந்த இடத்துக்கே இது போகவில்லை. இந்த நிலையில் யாரும் ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். நோய் அப்படியே இருக்கும், ஃபைல்கள் மட்டும் போய்விடும்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் போதும்: "வந்துவிட்டால் கடை பூட்டும்வரை பிரச்சினை இல்லை." போர்ட் செத்திருந்தால் பதினொரு மணிக்கும் செத்தே இருக்கும். குளிரில் வராமல் சூடு ஏறியதும் வருகிற மெஷினில் நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளை. அடுத்தது ராம், கனெக்டர் போன்ற தொடுப்புகள். போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் (மின்னைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) அதற்கும் பிறகு.

காரணம் சொல்கிறேன். பவர் சப்ளைக்குள் இருக்கும் கப்பாசிட்டர்களில் மின்பகுதிரவம் இருக்கும். வருடங்கள் போக அது வற்றும். வற்றிய கப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும், வெப்பம் ஏறினால் ஓரளவு தேறும். சப்ளை தன் வோல்ட்டேஜ் நிலையாகிவிட்டது என்று சாம்பல் நிற வயரில் போர்டுக்கு ஒரு சைகை அனுப்ப வேண்டும். அது வராவிட்டாலோ, வந்து விழுந்துவிட்டாலோ போர்ட் பிராசஸரை ஓடவிடாது. ஃபேன் சுற்றி நிற்பதும் திரும்பச் சுற்றுவதும் அதனால் இருக்கலாம்.

ஆனால் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன். இதே அறிகுறியை ராமின் தொடுப்பும் காட்டும். அதனால் எதையும் வாங்காதீர்கள்.

சோதிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. இன்று மெஷின் வரும் நேரத்தில் வினாத்தாள்கள், வாடிக்கையாளர் ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி டிரைவ் ஒன்றுக்குக் கொப்பி பண்ணுங்கள். இப்படிச் சடார் சடாரென்று கரண்ட் போய் வருவது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதல்ல. இன்னும் எத்தனை காலைக்குத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தது, மெஷின் ஓன் ஆகும்போதே டிலீட் பட்டனை அழுத்தி பயோஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக, டிஸ்க்கோடு போர்ட் எந்த முறையில் பேசுகிறது என்று காட்டும் சாட்டா மோட் என்ற வரி. நேரம் பின்தங்குகிறது என்றால் போர்டில் உள்ள பெட்டரி இறங்கிவிட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இந்த அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும்.

திருக்கோவில் ஐசிடி ஆசிரியர்

ஃபைல் கொப்பி பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம் பக்கத்தில் இன்னும் நிறைய வினாத்தாள் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகிறது. ஃபைலை மட்டும் எடுத்துப்போய், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். எங்கள் பாடசாலையில் பழைய வினாத்தாள்களைத் திறந்துவிட்டு, ஃபைல் பழுதாகிவிட்டது என்று அழிக்கப் போனவர்கள் உண்டு. அதனால் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து நீங்கள் பாவிக்கும் எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

ராம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையோரத்தில் நம் எல்லோருக்கும் இது பொதுவான தொல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால் ராமின் தங்கப்பூச்சுப் பற்களில் மங்கலான படலம் ஒன்று படியும். பிளக்கைக் கழற்றுங்கள். பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டையும் வெளியேற்றுங்கள். கேசிங்கின் பூச்சில்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். பற்களை வெள்ளை அழிரப்பரால் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள், துகள்களைத் தூரிகையால் தட்டுங்கள், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் இருந்தால் கொஞ்சம் துணியில் நனைத்துத் துடையுங்கள். மண் கடதாசி போடவே கூடாது, அந்தப் பூச்சு மிக மெல்லியது. திரும்பப் போடும்போது ஒரு ராமை மட்டும் போடுங்கள். இரண்டு பக்கக் கொளுவியும் "டக்" என்று தானாக ஏறும்வரை அழுத்த வேண்டும். நிறையப் பேர் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எந்த நேரத்திலும் திரையே வராத மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். போர்டில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கொளுவி, ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓன் பண்ணுங்கள். பீப் பீப் என்று விடாமல் கத்தினால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன, ராம் இல்லை என்று முறையிடுகின்றன என்று அர்த்தம். சத்தமே இல்லாவிட்டால் சப்ளை, பிராசஸர், போர்ட் பக்கம் தேட வேண்டும். இந்த ஸ்பீக்கருக்குப் பெரிய விலை இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அதை வைத்துத்தான் முதல் சோதனை.

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

சாய்ந்தமருதுக் காக்காவுக்கும் திருக்கோவில் சேருக்கும் நன்றி. ஃபைல், எழுத்துரு எல்லாம் எடுத்துவிட்டேன். பயோஸ் படங்களும் போனில் இருக்கின்றன. சாட்டா மோட்டில் ஏஎச்சிஐ என்று இருக்கிறது.

மூடியைத் திறந்தபோது மனம் கஷ்டப்பட்டது. பிராசஸர் ஃபேனின் அடியில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. பின்பக்கத்தில் கார்ட் செருகும் இடத்துத் தகடு ஒன்று இல்லை. அந்த ஓட்டை வழியாகப் பல்லி போய் வந்திருக்கிறது. போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு முட்டை, பக்கத்தில் எச்சம். ராம் கொளுவும் இடத்துக்குக் கிட்ட ஒரு திருகாணியைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கிறது. கப்பாசிட்டர் ஒன்றும் வீங்கவில்லை, எல்லாம் தட்டையாகத்தான் தெரிகின்றன.

தூசி, முட்டை எல்லாம் எடுத்தேன். ராமைச் சேர் சொன்னபடி துடைத்தேன். அழிரப்பர் கறுத்துப் போனது. மதியம் ஒரு ராமோடு நன்றாக வந்தது. ஆனால் இன்று காலை பழையபடிதான். மற்ற ராமை மாற்றிப் போட்டேன், இடத்தையும் மாற்றினேன். அதே நிலைதான்.

சாய்ந்தமருது பட்டறை

நல்லது. இரண்டு ராமும் தனித்தனியாக, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் ராமை விடலாம். துடைத்தது வீணில்லை, அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். பல்லி எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் போர்டின் செப்புக் கோட்டையே அரிக்கும். அந்த ஓட்டையை இன்றே அடையுங்கள்.

இனி மீட்டர். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது டிஜிட்டல் மீட்டர் இருக்கும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். போர்டில் கொளுவியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், வயர் உள்ளே போகும் பின்பக்கத்தால் மீட்டர் முனையைச் செருக வேண்டும். கறுப்பு முனை கறுப்பு வயரில். சிவப்பு முனை ஒவ்வொன்றாக:

ஊதா வயர், மெஷின் ஓஃப் ஆக இருக்கும்போதே 5 வோல்ட் காட்ட வேண்டும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை போர்டை விழிப்பாக வைத்திருப்பது அதுதான். ஓன் பண்ணியதும் மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3. ஐந்து வீதம் கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சள் 11.4க்குக் கீழே போகக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது. பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாக நான்கு பின் கனெக்டர் ஒன்று இருக்கிறது, அதன் மஞ்சளையும் பாருங்கள். பிராசஸர் சாப்பிடுவது அந்த வழியால்தான்.

மீட்டர் முனையால் இரண்டு வயரை ஒன்றாகத் தொட்டுவிட வேண்டாம். பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செங்கலடி மாணவன்

காக்கா, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றினால் சப்ளை நல்லது என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே? அது சுலபமில்லையா?

சாய்ந்தமருது பட்டறை

சப்ளை முழுவதுமாகச் செத்துவிட்டதா என்று பார்க்க அது உதவும் தம்பி. ஃபேன் சுற்றாவிட்டால் சப்ளை போய்விட்டது என்று சொல்லலாம். சுற்றினால் நல்லது என்று சொல்ல முடியாது. ஒரு ஃபேனை மட்டும் சுற்றுவதற்கு என்ன பாரம் இருக்கிறது? போர்டும் பிராசஸரும் டிஸ்க்கும் சேர்ந்து இழுக்கும்போதுதான் பலவீனம் தெரியும். அக்காவின் மெஷினில் ஃபேன் ஏற்கெனவே சுற்றத்தானே செய்கிறது.

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

எங்கள் ஊரில் வயரிங் வேலை செய்யும் மாமா மீட்டரோடு வந்தார். காலையில் பார்த்தது: ஊதா 5.0. மஞ்சள் 11ஐத் தாண்டவே இல்லை, அதற்குள் மெஷின் நின்றுவிடுகிறது. மதியம் ஓடும்போது மஞ்சள் 11.3, வேர்ட் திறந்து பிரிண்ட் கொடுத்தால் 11.2க்கு இறங்குகிறது. சிவப்பு 5.1.

மீட்டர் பிழையாகக் காட்டுகிறதோ என்று மாமாவே மற்றக் கணினியிலும் பார்த்தார். அதில் மஞ்சள் 12.1.

சாய்ந்தமருது பட்டறை

மாமாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். இரண்டாவது மெஷினிலும் பார்த்ததுதான் சரியான வேலை.

காலைக் கணக்கை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். இரண்டு செக்கனுக்குள் மீட்டர் சரியான எண்ணுக்கு வந்து நிற்காது. மதியத்து 11.2 தான் சாட்சி. நல்ல நேரத்திலேயே எல்லைக்குக் கீழே நிற்கிறது. வேறொரு சப்ளையைக் கொளுவிப் பாருங்கள், வாங்குவது அதற்குப் பிறகு. கடையில் உள்ள மற்ற மெஷினின் சப்ளையையே கழற்றிப் போடலாம். அந்த வேலையும் நிற்கக் கூடாது என்றால் யாராவது ஒன்று இரவல் தாருங்களேன்.

களுதாவளை

என்னிடம் சும்மா கிடக்கிறது, நல்ல சப்ளை. நாளை கடைக்கு வருகிறேன் அக்கா. 24 பின்னும் பிராசஸரின் நான்கு பின்னும் இருக்கிறது. காலையில் திறக்கும் நேரத்துக்கே வருகிறேன், குளிரில்தானே பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்று

நடுவில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். என் மெஷின் ஓடுகிறது, ஆனால் கேசிங்கில் வெறுங்காலோடு நின்று கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது. இதுவும் சப்ளை பழுதா?

திருக்கோவில் ஐசிடி ஆசிரியர்

பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம். பவர் சப்ளைக்குள் கரண்ட்டின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் கேசிங்கோடு இணைந்திருக்கும். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு கேசிங்கில் நிற்கும். கரண்ட்டின் அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்றதோடு போகிறது. ஆனால் சப்ளைக்குள் உண்மையாகவே ஏதாவது ஷோர்ட் ஆனால் அப்போது காப்பாற்ற எர்த் இருக்காது. அதுதான் ஆபத்து.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பொயிண்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் கொளுவியே இருக்காது. ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்ச்சையும் சோதியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

களுதாவளைத் தம்பி விடிய மழையோடு மழையாகச் சப்ளையைக் கொண்டுவந்தார். மாற்றிக் கொளுவி பட்டனை அழுத்தினோம். ஒரே அழுத்து, திரை வந்துவிட்டது. நம்பாமல் ஓஃப் பண்ணி, ஆறவிட்டுத் திரும்ப அழுத்தினோம். அப்போதும் வந்தது. மஞ்சள் 12.0, பிரிண்ட் கொடுத்தாலும் இறங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு சிஆர்2032 பெட்டரியையும் மாற்றினோம். பழையதில் 2.4 வோல்ட்தான் இருந்தது. அதன் பிறகு புதுப் பிரச்சினை: விண்டோஸ் லோகோ வருகிறது, உடனே நீலத் திரை, "இன்எக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று எழுதுகிறது. பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

செங்கலடி மாணவன்

அக்கா, இந்தத் தடவை ஃபோர்மட் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எடுத்த பயோஸ் படத்தோடு இப்போது இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சாட்டா மோட் ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாய்ந்தமருது பட்டறை

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. பெட்டரியைக் கழற்றியதும் பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். இப்படிப் பழைய போர்ட் பலவற்றில் அது ஐடிஇ. விண்டோஸ் ஏஎச்சிஐயில் பழகியது, டிஸ்க்கை இப்போது அடையாளம் காணவில்லை. ஏஎச்சிஐக்கு மாற்றி, நேரத்தையும் திகதியையும் சரி செய்து, சேவ் பண்ணி வெளியே வாருங்கள்.

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

ஐடிஇ என்றுதான் இருந்தது. மாற்றினேன், விண்டோஸ் வந்துவிட்டது. எல்லா ஃபைலும் அப்படியே இருக்கின்றன. செங்கலடித் தம்பிக்கும் நன்றி.

இனி சொந்தமாக ஒரு சப்ளை வாங்க வேண்டும். எத்தனை வொட் கேட்க? கரண்ட் போய் வந்தது டிஸ்க்குக்கு நல்லதல்ல என்றீர்களே, அதை எப்படிச் சோதிப்பது?

சாய்ந்தமருது பட்டறை

பெட்டியின் முன்னால் பெரிதாக எழுதிய வொட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதைப் பாருங்கள். ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மையான பலம் கிட்டத்தட்டத் தெரியும். 450 வொட் என்று எழுதி, 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மட்டும் கொடுக்கும் பெட்டி 180 வொட் பெட்டிதான். உங்கள் பிராசஸரின் வெப்ப அளவு 55 வொட். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத இந்த மெஷின் மொத்தமாகவே 100 வொட் இழுப்பது அரிது. அதனால் பெரியது தேவையில்லை, நேர்மையானது தேவை. கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும் பெட்டியை வாங்க வேண்டாம். உத்தரவாத அட்டையில் திகதி போட்டு வாங்குங்கள்.

டிஸ்க்குக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் டிஸ்க்கின் பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் கடைசி எண் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5இல் எண் ஏறிக்கொண்டு போனால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். எண் நன்றாக இருந்தாலும், புது மெஷினுக்கு வைக்கச் சொன்ன காசில் சின்னப் பங்கைப் போட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். இந்த ஐ3 மெஷின் இன்னும் சில வருடம் டைப்பிங்குக்குத் தாராளம்.

திருக்கோவில் ஐசிடி ஆசிரியர்

விண்டோஸ் 10க்கான ஆதரவு (வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள்) 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, இந்தப் பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர்கள் அடையாள அட்டை, வங்கி விபரம் எல்லாம் கொண்டுவரும் கடை. அப்படிப்பட்ட வேலையை மற்ற மெஷினில் செய்யுங்கள், அது புதியதாக இருந்தால். இதை டைப்பிங்குக்கு மட்டும் வைத்திருப்பது நல்லது.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். அந்த வழியால் வந்து போர்டைக் கொண்டுபோனதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன்

05, சி5 இரண்டும் பூச்சியம். மற்றக் கணினி புதியதுதான், வங்கி வேலைகளை அதற்கு மாற்றிவிடுகிறேன். பின்பக்க ஓட்டையைத் தகடு போட்டு அடைத்துவிட்டேன். கல்முனைக்குப் போய் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்று எழுதிய சப்ளை வாங்கினேன். களுதாவளைத் தம்பியின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்று காலை கடை திறந்தவுடனேயே ஒன்பதாம் ஆண்டு விஞ்ஞான வினாத்தாள் அடித்து முடித்தேன்.

பழைய சப்ளையை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

சாய்ந்தமருது பட்டறை

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. அவருடைய மெஷினிலும் இதே கஷ்டம் வரும், டிஸ்க்கும் போகலாம். வயரை வெட்டிவிட்டு, "பழுது" என்று பெட்டியில் எழுதி, எலெக்ட்ரோனிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.